வலப்பக்கம் ஏழாம் கைமரம்

நான் வேலை செய்கிற வீட்டின் மேல்மாடியில் ஒரு பென்சிலைக் கீழே வைத்தால் அது தன்பாட்டில் ஜன்னலை நோக்கி உருண்டு போகும். நிலம் அவ்வளவு சரிவு. எங்களூர் மேசன் ஒருவர் இப்படி நிலம் போட்டிருந்தால் ஊரே சேர்ந்து கிழிகிழியென்று கிழித்திருக்கும். இங்கே அதைப் பார்க்க டிக்கெட் எடுத்து வருகிறார்கள். லண்டன் முடிகிற ஓரத்தில், நான் குடியிருக்கிற மிச்சம் என்ற இடத்திலிருந்து ட்ராமும் பஸ்ஸும் மாறிப் போகிற தூரத்தில் இருக்கிறது, எந்தக் காலத்திலோ ஒரு பிரபு கட்டிய அந்த வீடு. ஓக் மரச்சட்டங்கள்தான் அதன் எலும்பு. சட்டங்களுக்கு இடையில் கம்பு பின்னி, மண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பியிருக்கிறார்கள். சாணம் என்று தெரிந்த பிறகும் வெள்ளைக்காரர் தொட்டுப் பார்க்கலாமா என்று ஆசையாகக் கேட்பார்கள். தொடக்கூடாது என்று சொல்வதுதான் என் வேலை.

சேர்ந்த புதிதில் மேற்பார்வையாளர் மார்கரெட் வீட்டைச் சுற்றிக் காட்டினார். சட்டத்தில் இரும்பாணியே இல்லை, எல்லாம் மர ஆப்பு. ஈர மரத்தில் கட்டியதால் காயக் காய முறுகி இப்படிக் கோணி நிற்கிறதாம். பிறகு டார்ச் அடித்து, மரங்கள் சந்திக்கிற இடங்களில் உளியால் கொத்திய கோடுகளைக் காட்டினார். தச்சர்கள் முழுச் சட்டத்தையும் பட்டறையில் ஒருமுறை பொருத்திப் பார்த்து, இலக்கமிட்டு, கழற்றி, வண்டியில் ஏற்றிவந்து இங்கே நிறுத்தினார்களாம். நாங்களும் வீட்டைக் கழற்றி வண்டியில் கொண்டுபோயிருக்கிறோம் என்றேன். எவ்வளவு அருமை, கேரவனா என்று கேட்டார். அவருக்கும் கணவருக்கும் கேரவனில் வேல்ஸ் போவதென்றால் உயிராம். தலையாட்டி வைத்தேன். வேறென்ன செய்ய.

போர்க்காலத்தில் வன்னியில் இடம்பெயர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மன்னார்ப் பக்கமிருந்த எங்கள் வீட்டுக்கு ஷெல் சத்தம் கிட்ட வந்ததும் ஐயா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா முதலில் ஏறியது கூரையில்தான். ஓடு, கைமரம், கதவு எல்லாம் கழன்று டிராக்டரில் ஏறின. போகிற இடத்தில் முறையாகப் பொருந்தவேண்டுமென்று ஒவ்வொரு கைமரத்திலும் நீலப் பெயிண்டால் எழுதினார். இடப்பக்கத்துக்கு ‘இ’, வலப்பக்கத்துக்கு ‘வ’, அருகில் இலக்கம். ஏழு எழுதினால் அதன் இடுப்பில் ஒரு கோடு இழுப்பார். ஏழுக்கு அரைஞாண் கட்டியாச்சு என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். ஊர் ஊராக அந்தக் கூரை திரும்பத் திரும்ப எங்கள் தலைக்கு மேல் ஏறியது. கடைசித் தடவை கழற்ற நேரமிருக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு ஓடினோம், அந்த வழியிலேயே ஐயாவும் செத்துப்போனார். அவருடைய ஒரு படம்கூட எங்களிடம் இல்லை.

போன மாதம் அண்ணை மன்னாரிலிருந்து ஃபோனில் கூப்பிட்டார். அவர் வயரிங் வேலை செய்பவர்.

“பிள்ளை, முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வீட்டில ஃபேன் பூட்டப் போனனான். நிமிர்ந்து பாத்தா, வ ஏழு. ஐயான்ர எழுத்து.”

“வடிவாப் பாத்தனீங்களோ?”

“ஏழுக்குக் கோடு கிடக்கு.”

அண்ணை முழுக்கதையையும் சொன்னார். அந்த வீட்டுக்காரி, போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பியபோது தெருவோரம் குவிந்துகிடந்த மரங்களில் அதையும் எடுத்தவவாம். விஷயம் தெரிந்ததும், கழற்றிக்கொண்டு போங்கோ என்று அழுதாவாம்.

“எங்கட மரம் அண்ணை. கழட்டுங்கோ” என்றேன். அந்த நேரம் எனக்கு ஐயாவின் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான்.

“கழட்டலாம். ஆனா அவவின்ர மகளுக்கு ஓடு இறக்கிற சத்தம் கேட்டா, திரும்பவும் இடம்பெயரப்போறமெண்டு இண்டைக்கும் நடுங்குமாம். யோசிச்சுச் சொல்லு.”

அடுத்த நாள் வேலையில், மேல்மாடி பார்க்க வந்த ஒருவர் அண்ணாந்து, ஒரு விட்டத்திலிருந்த வெறும் துளையைக் காட்டி, இது எதற்கென்று கேட்டார். நான் மார்கரெட்டைக் கூப்பிட்டேன். அந்த விட்டம் இந்த வீட்டுடையதல்ல, அதன் இலக்கம் இந்த வரிசையில் சேராது, இதைவிடப் பழைய ஏதோ வீட்டைப் பிரித்து எடுத்த மரம் என்றார். யாருடைய வீடு என்று நான் கேட்டேன். யாருக்குத் தெரியும், அதை உருவினால் நாமெல்லாம் கீழே கிடப்போம் என்று சிரித்தார். கூட்டமும் சிரித்துவிட்டுத் தேநீர் குடிக்க இறங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த மரத்தை ஒருவரும் தேடி வரவில்லையா? அந்தக் கோபத்தோடு அதன் கீழேயே நின்றேன். தலைக்கு மேல் அது அசையாமல் கிடந்தது.

மத்தியானம் தோட்டத்துக்குப் போய் அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன்.

“கழட்ட வேண்டாம் அண்ணை. அங்கயே இருக்கட்டும். எப்பவாவது பெயிண்ட் அடிச்சா, அந்த எழுத்தை மட்டும் விட்டிட்டு அடிக்கச் சொல்லுங்கோ.”

“ஓம், சொல்லுறன்” என்றார் அண்ணை.

இப்போது காலையில் கதவு திறந்ததும் நான் முதலில் போவது ஊர் பேர் தெரியாத அந்த விட்டத்தின் கீழேதான். மற்றவர்களிடம் தொடக்கூடாது என்கிற நான், எட்டி அதைத் தொடுகிறேன். முல்லைத்தீவில் அப்போது மத்தியானம். ஐயாவின் ஏழுக்குக் கீழே குந்தியிருந்து அந்த வீட்டுப் பிள்ளை சோறு தின்றுகொண்டிருக்கும்.