பவளத்துக்கு வாய்தா

பத்மாசினி அக்காவுக்கு நாய் வளர்க்கும் ஆசையே கிடையாது. கணவர் துளசிராம் ஜவுளி வியாபாரத்துக்காக வாரக்கணக்கில் வெளியூர் போகிறவர். வீட்டுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஒரு ராஜபாளையம் குட்டியைக் கொண்டுவந்து விட்டார். மூக்கு சிவந்திருந்ததால் பவளம் என்று பெயர். பெயர் வைத்த கையோடு ரயிலேறிவிட்டார்.

நாய் வளர்க்காதவர்களிடம்தான் அதை வளர்க்கும் யோசனை நிறைய இருக்கும். எங்கள் தல்லாகுளம் தெருவில் ஆளுக்கொன்று சொன்னோம். "வெளியாளுக கண்ணுல காட்டாதீங்கக்கா, அப்பத்தான் காவல் காக்கும்." அக்காவும் நம்பி மாடிப்படிக்கு அடியிலேயே கட்டிவைத்தார். ஒரே வருடத்தில் அது இடுப்புயரம் வளர்ந்து, கிட்டே வந்தவர் மேலெல்லாம் பாய்ந்தது. கூப்பிட்டால் திரும்பாது. திமிர் என்றோம். பால்காரர் பால்பாண்டியின் வேட்டி கிழிந்த அன்று, வீட்டுச் சொந்தக்காரர் வெள்ளைத்துரை மாடியிலிருந்து இறங்கிவந்தார்.

"ஏம்மா, சித்திரையில எதிர்சேவைக்கு நம்ம வாசல்ல பந்தல் போட்டுப் பானகம் குடுப்போம். அழகரப் பாக்க ஊரே வரும். அன்னைக்கு இது ஒருத்தரக் கடிச்சாலும் மறுநா இங்க இருக்கக் கூடாது."

"அதுவரைக்கும் விடுங்கண்ணே. நான் பாத்துக்கிறேன்."

அந்த வாரமே வாசலில் ஒரு லாரி ஏர் ஹாரனை அலறவிட்டது. அக்காவோடு பேசிக்கொண்டிருந்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசலுக்கு முதுகைக் காட்டி நின்ற பவளம் காதைக்கூடத் திருப்பவில்லை. அக்கா அப்படியே உட்கார்ந்து அழுதார்.

"இதுக்குக் காதே செவிடுடி. ஆளு வர்றது தெரியாமப் பயந்து பாயுது. நாம திமிருன்னோமே!"

அழுது முடித்து முந்தானையைச் செருகிக்கொண்டார். அவருடைய பிடிவாதம் அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. உள்ளங்கை தாழ்ந்தால் பவளம் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் வேகவைத்த ஈரல் ஒரு துண்டு. தெருக்காரர்களை ஒவ்வொருவராக அதன் முன்பக்கமாக வரவழைத்து, அவர்கள் கையாலேயே ஈரலைக் கொடுக்கவைத்தார். யார் பின்னாலிருந்து தொட்டாலும் முதலில் தன் கையைப் பார்க்கப் பழக்கினார். பிறகு கூட்டத்துக்குப் பழகட்டும் என்று தினமும் ஜனம் மொய்க்கும் கோர்ட் வாசலுக்கு எதிரே, சற்றுத் தள்ளி அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பழகப் பழக இன்னும் கொஞ்சம் கிட்டே.

"என்னக்கா, இன்னைக்கும் பவளத்துக்கு வாய்தாவா?" என்று பால்பாண்டி கேலி செய்வார்.

"ஆமா, ஒன் வேட்டிக் கேசுதான்" என்று சொல்லிவிட்டு அக்கா போய்க்கொண்டே இருப்பார்.

எதிர்சேவை அன்று வேட்டும் கொட்டும் தெருவையே அதிரவைத்தன. பவளத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பந்தல் ஓரத்தில் அக்காவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் நெரிசலில் ஒருவர் அதன் பின்னாலிருந்து சரிந்து மேலேயே விழுந்தார். பவளம் துள்ளி எழுந்தது. பல் தெரிந்தது.

"போச்சு!" என்றார் வெள்ளைத்துரை.

அக்காவின் இரண்டு கைகளிலும் பானகத் தம்ளர்கள். அவற்றை அப்படியே போட்டுவிட்டு உள்ளங்கையைத் தாழ்த்தினார். பவளம் அந்தக் கையைத் தேடிக் கண்டுபிடித்தது. உடம்பெல்லாம் நடுங்க, மெல்ல உட்கார்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கூட்டம் கலைந்து பவளம் எழுந்த பிறகு, வெள்ளைத்துரை சுற்றிக்கொண்டு அதன் முன்பக்கமாக வந்து நின்றார். அக்கா செய்தது போலவே கையைத் தாழ்த்தினார். அது உட்கார்ந்தது.

"ஏம்மா," என்றார், "அந்த ஈரல எங்க வச்சிருக்க?"