தொரைக்கு விட்ட செடி

பஸ் போகாத இடங்கள் மேல் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. பல்கலைக்கழகம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த அந்த வருஷத்தில் அது முற்றிப்போனது. காலையும் மாலையும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன். நடுவில் ஒரு முழுப் பகல் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற பகலை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஒரு தண்ணீர்ப் போத்தலையும் போனையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கொத்மலைப் பக்கம் இறங்கும் சரிவுகள், நானுஓயாவுக்குப் பின்னால் பெயரே இல்லாத ஓடைகள், மேகம் படுத்துக்கிடக்கும் பள்ளங்கள் என்று நான் பாட்டுக்கு அலைந்தேன். நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் ஏரியையும் குதிரையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்களே என்று அவர்களுக்காகக் கவலைப்பட்டிருக்கிறேன். அவ்வளவு ஆர்வம்.

ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிஷனுக்கு நான் ஒழுங்காகப் போனதே இல்லை. நாங்கள் இருப்பது ரோட்டோரத்து மேல் டிவிஷன். கீழ் டிவிஷன் யூக்கலிப்டஸ் காட்டைத் தாண்டி ஒரேயடியாக இறங்கும் குறுக்குப்பாதையின் அடியில் இருந்தது. அங்கே அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, ஒரு லயக் காம்பராவில், ஒற்றை அறையில், தனியாக இருந்தார். சித்தப்பாவும் இரண்டு மகன்களும் கொழும்பில். அந்த லயத்தில் மிச்சமிருந்த ஏழெட்டுக் குடும்பங்களிலும் அப்படித்தான். ஆம்பிளைகள் தீபாவளிக்கு வருவார்கள், பொங்கலுக்கு வந்தால் உண்டு.

புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் இறங்கினேன். காட்டைத் தாண்டியதும் பள்ளம் அப்படியே திறந்துகொண்டது. அடியில் ஓடை. அதன் கரையில் லயம். லயத்துக்குப் பின்னால் ஒரு மலை முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. தேயிலைப் பூ. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கில். தேனீ இரைச்சல் பாதைவரை கேட்டது. மெல்லிய ஒரு வாசம், மல்லிகைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. அங்கே போனுக்குச் சிக்னல் இல்லை, வாகனச் சத்தம் இல்லை. நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

தோட்டத்தில் பிறந்தவள்தான் நான். பூத்த தேயிலைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கொழுந்து பறிக்கிற செடி பூப்பது குறைவு. சில வருஷங்களுக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்டி, செடியை முழங்காலளவுக்குக் குறைத்தால்தான் அது மறுபடி கொழுந்து விடும். வெட்டாமல் விட்டால் மரமாக ஏறும், பூக்கும், காய்க்கும். அப்புறம் குளவி கூடு கட்டும், பன்றி வரும். தெரிந்திருந்தும் பார்த்த கண்ணுக்கு அது அழகாகத்தான் இருந்தது. அதை எப்படி இல்லையென்று சொல்வது?

சின்னம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னா புள்ள, பூவு பாக்க வந்தியா? நல்லா பாத்துக்க. இது பூத்து முடிஞ்சா நாங்களும் முடிஞ்சோம்."

அதற்குப் பிறகுதான் விஷயம் எனக்கு விளங்கியது. ஆளில்லை என்று சொல்லி அந்த மலையைத் தோட்டம் கைவிட்டுக்கொண்டிருந்தது. ஒரு தொகுதித் தேயிலை நிலத்தைத்தான் நாங்கள் மலை என்போம். கவ்வாத்து வெட்டுகிற ஆம்பிளைகள் எல்லாம் கொழும்பில். பக்கத்தில் இருந்த மற்ற மலைகள் ஏற்கனவே காடாகிவிட்டன. இதுவும் போனால் கீழ் டிவிஷனில் பறிக்க ஒன்றும் இருக்காது. வேலை செய்கிறவர்களின் பெயர்களை மேல் டிவிஷனுக்கு மாற்றி லயத்தை மூடிவிடுவார்கள். சின்னம்மாவுக்கு அந்தக் காம்பராவை விட்டால் இரண்டு வழிதான். எங்கள் வீட்டில் எங்களோடு நெருக்கிக்கொள்வது, அல்லது கொழும்பு போய் மகன்கள் இருக்கும் ஒற்றை அறைக்குப் பக்கத்தில் யார் வீட்டிலாவது வேலை செய்வது.

"ஊரான் வீட்டுச் சட்டி கழுவவா நான் பொறந்தேன்?" என்றார் சின்னம்மா. "இந்தத் தண்ணி, இந்த மரக்கறித் தோட்டம், எங் கதவு. தெறந்தா நானு, சாத்துனா நானு."

ஆகவே பெண்கள் ஒரு முடிவெடுத்திருந்தார்கள். கவ்வாத்தை அவர்களே வெட்டுவது. ஞாயிற்றுக்கிழமைகளில், சம்பளமில்லாமல். எங்கள் பக்கம் பெண்கள் கவ்வாத்துக் கத்தி பிடித்து நான் பார்த்ததில்லை, அது ஆம்பிளை வேலை. பக்கத்துக் காம்பரா அக்கா அதைக் கேட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டார். "ஆம்பளைங்க வந்து வெட்டட்டும்னா கொழும்புல தேயில நட்டாத்தான் உண்டு," என்பார். தீபாவளிக்கு வந்த சித்தப்பா கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் போவதற்கு முன் லயத்துக்குப் பின்னாலிருந்த கல்லில் உட்கார்ந்து தன் பழைய கத்தியைத் தீட்டினார். மற்ற வீடுகளின் கத்திகளையும் கேட்டு வாங்கித் தீட்டிவைத்துவிட்டுப் போனார்.

நான் துள்ளினேன். மழை நன்றாகப் பெய்துகொண்டிருந்த ஐப்பசி மாதம் அது. வெட்டினால் செடி சட்டென்று தளிர்க்கும். நாளைக்கே தொடங்கலாம் என்றேன். சின்னம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ கோயிலுக்குள் செருப்போடு போனதுபோல இருந்தது.

கவ்வாத்து தொடங்குவதற்கு முன் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை வைக்க வேண்டும். மலையின் அடியில், ஒரு மரத்துக்குக் கீழே நட்ட கல் அது. கத்திகளை அடுக்கி, தேங்காய் உடைத்து, சேவல் அறுத்து, அப்புறம் தொரை வந்து முதல் செடியில் முதல் கொப்பை வெட்டுவார். தோட்ட நிர்வாகியைத்தான் நாங்கள் இன்னும் தொரை என்கிறோம். அவர் கை வைத்த பிறகே மற்றவர்கள் கத்தியைத் தொடுவார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அப்படித்தானாம். சாமி பயம் மட்டும் இல்லை அதில். தொரை வெட்டினால் அந்த மலை கவ்வாத்து ஆன மலை. அதற்கு அப்புறம் அது ஆளில்லாத மலை என்று ஆபீஸில் யாரும் சொல்ல முடியாது.

"அவங்க கை படாம நாம வெட்டுனா, அது நாம திருட்டுத்தனமா வெறகு வெட்டுன மாதிரி," என்றார் சின்னம்மா. அதில் நியாயம் இருந்தது.

கண்டாக்கையாவிடம் சொல்லியனுப்பினார்கள். தேயிலை வேலையை மேற்பார்வை செய்கிற உத்தியோகத்தர் அவர், கெட்டவரில்லை. தொரை வெள்ளிக்கிழமை வருவார் என்று தகவல் கொண்டுவந்தார். பெண்கள் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தொரை சறுக்கி விழாமல் இருக்கக் குறுக்குப்பாதையில் படி வெட்டினார்கள். நானும் மண்வெட்டி பிடித்தேன். டிகிரி முடித்தது ரோடு போடுது பார் என்று அக்கா ஊருக்கே கேட்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்து, பூவைப் பறித்து மாலை கட்டி, மத்தியானம் வரை காத்திருந்தோம். கண்டாக்கையா மட்டும் நனைந்துகொண்டு இறங்கிவந்தார். தொரைக்கு நுவரெலியாவில் கூட்டமாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை கம்பனியிலிருந்து ஆள்கள் வந்துவிட்டார்கள். அதற்கடுத்தது போயா, பௌர்ணமி விடுமுறை. சேவலைத் திருப்பித் திருப்பிக் கட்டி வைத்தார்கள். கார்த்திகை வந்தது. மழை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது.

எனக்குப் பொறுக்கவில்லை. சின்னம்மாவை இழுத்துக்கொண்டு ஆபீஸுக்கே போனேன். தொரை என்னைவிட சில வயதுதான் மூத்தவர். நல்ல மரியாதையாகப் பேசினார். நான் சிங்களத்தில் சொன்னேன், அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பெண்கள் வெட்டுவது நல்ல விஷயம் என்றார், படம்கூட எடுக்கலாம் என்றார். "லபன சுமானே," என்றார். அடுத்த வாரம். சின்னம்மா கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பி நடக்கும்போது, முகத்துக்கு நேரே சொன்ன மனிதர் வராமல் இருக்கமாட்டார் என்று பாதை முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அவர் வரவில்லை.

மார்கழி பிறந்து கொஞ்ச நாளில் மழை சுத்தமாக நின்றது. வெட்டுவதென்றால் இப்போது, இல்லாவிட்டால் இன்னொரு வருஷம். இன்னொரு வருஷத்துக்கு லயம் இருக்காது. பெண்கள் சாமி கல்லடியில் கூடிப் பேசினார்கள். கடைசியில் சின்னம்மாதான் ஒரு வழி சொன்னார். கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் முதல் செடி தொரையுடையது, அதை யாரும் தொடவேண்டாம். நாம் இரண்டாவது செடியிலிருந்து தொடங்குவோம். எப்போது வந்தாலும் அவர் தன் செடியை வெட்டட்டும். முறையும் கெடாது, வேலையும் நடக்கும். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. எனக்குந்தான்.

வெட்டினோம். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. மரமாகிப்போன செடிகள் கத்திக்கு லேசில் மசியவில்லை. குளவிக்கூடுகளை முதலில் புகைபோட்டு விரட்டினோம். ஒவ்வொரு செடியிலும் மூச்சு விட ஓரிரண்டு இலைக்கொப்பை விட்டு, மற்றதைச் சாய்த்து வெட்டவேண்டும். அவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. புருஷன்மார் வெட்டும்போது ஆயுசு முழுக்கப் பார்த்தவர்கள். ஒவ்வொருவரும் தன் புருஷன் எப்படிக் கத்தியை ஓங்குவான் என்று நடித்துக் காட்டினார். அக்கா, தன் வீட்டுக்காரர் இரண்டு வெட்டுக்கு ஒரு பீடி பற்றவைப்பதைச் செய்து காட்டியபோது சின்னம்மா சிரித்துச் சிரித்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கை கொப்பளித்தது. வேலை முடிந்த அன்று மேலே பாதையில் நின்று பார்த்தோம். மலை மொட்டையாக, சுத்தமாக, கவ்வாத்து மலை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அடியில் சாமி கல்லுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு செடி மட்டும் குடை மாதிரி நின்றது.

தை மாதம் ஒரு காலையில் நான் இறங்கியபோது பள்ளம் மறுபடி வெள்ளையாக இருந்தது. புல், முள்வேலி, ஓடைக்கரைக் கற்கள் எல்லாவற்றிலும் பனி உறைந்து, வெயில் பட்டதும் மின்னியது. எங்கள் மலைகளில் பள்ளங்களில்தான் இந்தப் பனி தங்கும். நான் போனை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் மலையைப் பார்த்தேன். வெட்டிய குச்சிகள் ஒவ்வொன்றும் கண்ணாடி போட்டதுபோல நின்றன. மூச்சுக்கு விட்டிருந்த இலைகள் விறைத்திருந்தன. அதற்கு மேல் படம் எடுக்கத் தோன்றவில்லை.

அந்த இலைகள் சில நாளில் சுட்டதுபோல் பழுப்பாயின. பனி மறுபடி மறுபடி விழுந்தது. பகலில் வெயில் சுள்ளென்று அடித்தது, மழை எட்டிப் பார்க்கவில்லை. சின்னம்மா தினமும் காலையில் பெரட்டுக்கு, அதாவது பெயர் கொடுக்க, மேலே போவதற்கு முன் மலைக்குள் இறங்குவார். ஒரு செடியின் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டுவார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. முதலில் பச்சை தெரிந்தது. அப்புறம் மஞ்சளாகத் தெரிந்தது. மாசியில் ஒரு நாள் நான் அவரோடு போனபோது வரிசையாகச் சுரண்டிக்கொண்டே நடந்தார். எல்லாம் விறகு நிறம். நகத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

பங்குனி மழையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகள் துளிர்த்தன. சிலதை வைத்து மலை என்று சொல்ல முடியாது. கண்டாக்கையா வந்து பார்த்தார். "மழை இருக்கிறப்ப வெட்டியிருந்தீங்கன்னா தப்பிச்சிருக்கும்," என்றார். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். பெயர்கள் மேல் டிவிஷனுக்கு மாறின. அவ்வளவு நாள் காத்திருந்ததற்கு திட்டக்கூட ஆள் கிடைக்கவில்லை. தொரைக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிவிட்டது.

சின்னம்மா இப்போது எங்களோடுதான். நானும் அம்மாவும் படுக்கும் அறையில் மூன்றாவது பாய். கதவை யார் திறப்பது, யார் சாத்துவது என்ற பேச்சே இல்லை, எப்போதும் யாராவது உள்ளே இருக்கிறோம்.

கடைசியாக விட்டுவைத்திருந்த கூரைத் தகரங்களை எடுக்க அவரும் நானும் ஒருநாள் இறங்கினோம். லயத்தில் யாரும் இல்லை. ஓடைச் சத்தம் மட்டும். முன்பு நான் ஆசைப்பட்ட அந்த அமைதி இப்போது முழுசாக இருந்தது. மலை கறுப்புக் குச்சிகளாக நின்றது. சாமி கல்லுக்குப் பக்கத்தில் தொரையின் செடி, யார் கையும் படாமல், உச்சி முதல் அடி வரை பூத்திருந்தது. தேனீக்கள் அத்தனையும் அதில்தான்.

"இதையும் வெட்டிருவமா சின்னம்மா?" என்றேன். எனக்குக் கோபம்.

"அது தொரைக்கு விட்டது. நமக்கென்னா."

சொன்னவர் போகவில்லை. பூக்களுக்கு நடுவே எட்டின உயரத்தில் கொஞ்சம் கொழுந்தும் இருந்தது. சின்னம்மாவின் கைகள் இரண்டும் தாமாகப் போய் அதைக் கிள்ள ஆரம்பித்தன, வேலை நாளில் மலையில் பறிப்பதுபோல அவ்வளவு வேகமாக. கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனார். அங்கே கூடை இல்லை. கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கொழுந்தைச் சாமி கல்லின் மேல் வைத்துவிட்டு, தகரத்தின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். நான் பிடித்தேன். படி வெட்டியிருந்த பாதையில் ஏறினோம்.