கோட்டுப் போட்டு உட்கார்ந்தேன், கரி சுமந்து நின்றேன்

போன வாரம் வீட்டு ஜன்னல்களுக்குச் சாயம் பூச ஒரு சீனர் வந்தார். டர்பன்டைன் டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனை நேரே வந்து என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். நான் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்திலேயே போட்டுக்கொண்டேன். "தள்ளி உட்காருங்கள் தவுக்கே, தலை வலிக்கும்" என்று என்னை முதலாளியாக்கி மலாயில் சொன்னார். மற்றவர்களுக்கு வலிக்கலாம். எனக்கு அது என் மகன் அருளப்பன் காலேஜில் படித்த காலத்து வாசனை.

காலேஜ் என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஏறும். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. கப்பலேறிப் பினாங்குக்கு வந்தபோது என்னிடம் இருந்தவை ஒரு சட்டையும் ஒரு செபமாலையும். வந்ததும் அக்கரையில், பிறைத் துறையில், நிலக்கரி சுமந்தேன். அது என்ன வேலை என்று இன்றைக்கு உங்களுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? நானே சொல்கிறேன். இறங்குமுன் உடம்பு முழுக்கத் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கரித்தூள் தோலில் ஏறிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனால் சாமியாரே நம்மை ஒரு தினுசாகப் பார்ப்பார். கோணிச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டால் அதுதான் கொங்காணி. முதுகு வரை தொங்கும். அதற்கு மேல் கரிக்கூடை. இடுப்பில் கோவணம், அவ்வளவுதான். படகுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பலகை கிடக்கும். கால் வைத்தால் வளையும்.

அந்தப் பலகையில் நடந்தவன்தான் பிறகு சரக்கு ஏற்றும் தொங்கான் படகு வாங்கினேன். அப்புறம் இன்னொன்றும் வாங்கினேன். கப்பல் கம்பெனிக்காரர்கள் பெயர் சொல்லி ஆள் அனுப்பும் அளவுக்கு வந்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அருளப்பனுக்கு இந்தக் கதையைச் சோற்றோடு பிசைந்து ஊட்டினேன். நான் "அந்தக் காலத்துல..." என்று தொடங்கினாலே என் வீட்டுக்காரி, "பலகை போட்டாச்சு, இனி யாரும் எந்திரிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு அவள் மட்டும் எழுந்து போய்விடுவாள். பையன் உட்கார்ந்து கேட்பான்.

அவன் சிங்கப்பூர்க் காலேஜுக்குப் போனான். அப்போதெல்லாம் படகில் பிறைக்குப் போய்த்தான் ரயிலேற வேண்டும். ஒவ்வொரு தடவையும் நானே கூடப் போவேன். ஸ்டேஷனில் பக்கத்தில் நிற்கிறவர் கேட்கிறாரோ இல்லையோ, "காலேஜுக்குப் போறான்" என்று சொல்லிவைப்பேன். கணக்குப் படிக்கப் போன பிள்ளை இரண்டாம் வருஷ விடுமுறைக்குச் சாயப்பெட்டியோடு வந்து இறங்கினான். காலேஜில் யாரோ ஒரு வாத்தியார் கற்றுக்கொடுக்கிறாராம். வீடெல்லாம் டர்பன்டைன்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரிய கிராணி இருந்தார். ஆபீசில் பத்துக் குமாஸ்தாக்களை மேய்க்கிறவர். வேலிக்கு மேல் தலையை நீட்டினார்.

"என்னங்க, காலேஜுக்கு அனுப்பினீங்க, போர்டு எழுதக் கத்துக்கிட்டு வந்திருக்கானா? படம் போட்டுச் சோறு திங்க முடியுமா?"

"சோறு நான் போடுறேன். அவன் படம் போடட்டும்" என்றேன்.

எங்கள் ஊரில் அப்போது ஒரு வழக்கம். நாலு காசு சேர்ந்தவன் முதலில் ஸ்டூடியோவுக்குப் போய்க் கோட்டுப் போட்டுப் படம் பிடித்துக்கொள்வான். கோட்டு இல்லாதவனுக்கு ஸ்டூடியோக்காரனே கொடுப்பான். முதுகுப் பக்கம் பிளந்து நாடா வைத்த கோட்டு அது; எந்த உடம்புக்கும் சேரும். எனக்குச் சொந்தக் கோட்டே உண்டு. ஆகவே அருளப்பன், "அப்பா, உங்களப் பெரிய படமா எழுதணும், உட்காருங்க" என்றதும் பூசைக் கோட்டை மாட்டி, கடிகாரச் சங்கிலியைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். விடுமுறை முடியும்வரை மத்தியானத்தில், பினாங்கு வெயிலில், கம்பளிக் கோட்டோடு. சும்மா உட்கார முடியாதே, வாயாவது ஆட வேண்டும். அதனால் பழைய கரிக்கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். படத்தைக் காட்டு என்றால், "முடியட்டும்பா" என்பான்.

அதற்கு அடுத்த விடுமுறையில் கடலோரத்து மண்டபத்தில் சித்திரக் காட்சி வைத்தார்கள். துரைமார்களும் வருகிற காட்சி. அதில் அருளப்பன் படத்தையும் எடுத்துக்கொண்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கோயிலில் சொன்னேன், பாசாரில் சொன்னேன், துறைமுகத்தில் சொன்னேன். கோட்டோடு என்னைப் பார்க்க வாருங்கள் என்று எல்லாரையும் அழைத்தேன்.

முதல் நாள் வீட்டுக்காரி, பெரிய கிராணி, தொங்கான்காரர்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. அதில் கோட்டு இல்லை. கோவணம் கட்டிய ஒருவன் கொங்காணியும் கரிக்கூடையுமாகப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தான். தலையைப் பாதி திருப்பியிருந்தான். கரி அப்பிய முகம் என்னுடையது.

வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "மாதாவே, நாலு பேரு பாக்குற எடத்துல துணிகூட இல்லாம..."

கிராணி மெதுவாகக் கேட்டார். "கோட்டு எங்கேங்க?"

அருளப்பன் என் பக்கத்தில் வந்து நின்றான். முகத்தில் ரத்தமில்லை. "நீங்க சொல்லச் சொல்ல எனக்கு இதுதான்பா தெரிஞ்சுது. உங்களுக்குப் பிடிக்கலைன்னா இப்பவே எறக்கிடறேன். இனி சாயப்பெட்டியத் தொடவும் மாட்டேன்."

சொன்னால் செய்கிற பிள்ளை. அந்த விஷயத்தில் என் ரத்தம். நான் தலையை ஆட்டியிருந்தால் அன்றோடு தூரிகை போயிருக்கும். எனக்குக் காது சுட்டது, அதை மறைக்கவில்லை. ஊர் முழுக்கச் சொல்லி அழைத்தவன் நான்தானே. ஆனால் படத்தில் அந்தக் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். வளைகிற பலகையைப் பிடிக்க அது மடங்கியிருந்தது. நான் வாயால் கொடுத்ததில் ஒன்றையும் பையன் சிந்தவில்லை.

"கோட்டு சலவைக்குப் போயிருக்குங்க" என்றேன் கிராணியிடம். "இது வேலைக்குப் போற உடுப்பு." பிறகு மகனைப் பார்த்து, "வலப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கு, நேரா மாட்டு. நல்லா எல்லாருக்கும் தெரியட்டும்" என்றேன்.

அன்றிலிருந்து காட்சி முடியும்வரை படத்தின் பக்கத்திலேயே நின்றேன். வருகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகத் தலையைப் பாதி திருப்பியே வைத்திருந்தேன், கழுத்து பிடித்துக்கொண்டது. ஒரு துரை என்னை மண்டபத்து வேலைக்காரன் என்று நினைத்துக் குடையைக் கொடுத்தார். ஒரு கையால் குடையை வாங்கிக்கொண்டு, மறு கையால் படத்தைக் காட்டி, பிறகு என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குத் திருப்தி.

கடைசி நாள் என் தொங்கானை அனுப்பிப் பிறையிலிருந்து கரி ஆட்களைக் கூட்டிவந்தேன். வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா தடுத்தான். "செருப்பில்லாம உள்ள விடமாட்டேன் லா."

"உள்ள மாட்டியிருக்கிறவன் செருப்புப் போட்டிருக்கானா, பாத்துட்டு வந்து சொல்லு" என்றேன். அவன் யோசிப்பதற்குள் எல்லாரும் உள்ளே போய்விட்டோம்.

அவர்களில் சந்தியாகு அண்ணன் இருந்தார். எனக்குக் கொங்காணி மடிக்கச் சொல்லித்தந்தவர். நான் கரையேறிய பிறகும் அதே பலகையில் நடந்துகொண்டிருந்தவர். வெகுநேரம் படத்தைப் பார்த்தார்.

"தம்பி, கோவிச்சுக்காத. இது நீ இல்ல. நானு."

"மூஞ்சியப் பாருங்கண்ணே."

"மூஞ்சி யாரோட மூஞ்சியோ. முதுகு என்னுது. என் கூனு எனக்குத் தெரியாதா?"

விட்டுக்கொடுக்கிற ஆளா நான்? மகனை மத்தியஸ்தத்துக்குக் கூப்பிட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். "ரயிலேறப் போறப்பல்லாம் இவர் ஏறி எறங்குறதத்தான்பா பாத்துக்கிட்டு நிப்பேன். முகம் உங்களது. முதுகு இவரது." சந்தியாகு அண்ணன் கொங்காணி இல்லாத வெறுந்தலையை ஒரு தரம் தடவிக்கொண்டார்.

அருளப்பன் பரீட்சையும் தேறினான், படமும் விடவில்லை. இப்போது ஈப்போவில் ஆசிரியர். அவன் எழுதிய படங்கள் எத்தனையோ வீடுகளில் தொங்குகின்றன. அந்தப் படம் மட்டும் இல்லை. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது வீட்டோடு எரிந்தது. பிறைத் துறையில் இன்று கரிக்கூடை தூக்க ஆளில்லை. கொங்காணி என்றால் என் பேரப்பிள்ளைகள் அது ஏதோ தின்பண்டம் என்று நினைக்கிறார்கள்.

யுத்தத்தில் சந்தியாகு அண்ணனும் போய்விட்டார். யுத்தம் முடிந்த பிறகு அவர் மகள் என்னைத் தேடி வந்தாள். வாசலில் தயங்கி நின்று, "மாமா, அப்பாவோட படம் ஒங்க வீட்டுல பெருசா மாட்டியிருக்குன்னு எப்பவும் சொல்லுவாரு. அவரு ஸ்டூடியோவுக்கே போனதில்ல. அத ஒரு தரம் பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் முதுகு எப்படியிருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தேன்.