வேலை இல்லாத மாதத்துச் சம்பளம்

வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கு அடுத்தவர் வீட்டுச் சண்டை தெரியும், அந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் குழம்பு பிடிக்காது என்பதுகூடத் தெரியும். "இந்த மாசம் வரவேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் அந்த மாதத்துக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பது மட்டும் தெரியாது.

இதே வேலையில் இருக்கும் உங்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. நீங்களும் அந்தக் கேள்வியைக் கேட்கப் போய், கேட்காமல், "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். நான் ரோசலின். மலேசியாவில், புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய், கோல சிலாங்கூர் பக்கம் மூன்று வீடுகளில் வேலை செய்கிறேன். கோவிட் வந்தபோதும் அதற்குப் பிறகும் எனக்கு நடந்ததில் சிலவற்றைச் சொல்கிறேன்.

ரோட் பிளாக்

முதல் எம்.சி.ஓ. ஊரடங்கு தொடங்கிய அன்று காலையில் நான் வழக்கம்போல மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். யாரும் வெளியே போகக்கூடாது என்று டிவியில் சொன்னது கேட்காமல் இல்லை. ஆனால் லீவு என்று டிவியில் சொல்வதெல்லாம் ஆபீஸ்காரர்களுக்குத்தான். அவர்கள் வீட்டில் இருக்கும் நாளில்தான் எனக்கு வேலை கூடும். அப்படியே பழகிவிட்டேன்.

டவுனுக்குள் நுழைகிற இடத்தில் ரோட் பிளாக் போட்டிருந்தார்கள். ஓர் இளம் போலீஸ்காரர், தமிழ்ப் பிள்ளைதான், எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். வேலைக்கு என்றேன். முதலாளி கொடுத்த கடிதம் எங்கே என்றார். எந்த முதலாளி, எனக்கு மூன்று பேர் இருக்கிறார்கள் என்றேன். என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். என் கண் முன்னாலேயே எண்ணெய் ஆட்டச் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளை விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வேலை செய்கிற டீச்சர் வீட்டில் ஊறவைத்த துணி கிடக்கிறது, நாற்றம் எடுத்துவிடும் என்று கடைசியாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. மோட்டாரைத் திருப்ப இடம் விட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எங்கம்மாவுக்கும் இதே வேலைதான்க்கா. அவங்களையும் வீட்டுல உக்கார வச்சிட்டுத்தான் வந்திருக்கேன். போங்க."

மழை நாள்

என் வீட்டுக்காரருக்குப் பாசிர் பெனம்பாங்கில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் சமையல்கட்டு வேலை. அந்தக் கடையையும் அதே நாளில் மூடிவிட்டார்கள். இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அரிசி இருந்தது. மகளுக்கு இனிமேல் ஹேன்போனில்தான் பாடம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அதற்கு டேட்டா போட வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் என் சம்பளத்தை என்ன செய்வார்களோ என்று தெரியவில்லை. நானாகக் கூப்பிட்டுக் கேட்கவும் கூச்சம்.

மாதக் கடைசியில் டீச்சர் கூப்பிட்டார். தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொடுப்பவர், பெயர் கமலா. எப்போதும்போல முழுச் சம்பளத்தையும் பேங்கில் போட்டுவிட்டதாகச் சொன்னார். பின்னால் அவருடைய கணவர் பேசுவது எனக்குக் கேட்டது. ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்து ரிட்டையர் ஆனவர், கெட்டவர் இல்லை. தோட்டத்தில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை, அதுதான் நியாயமான கணக்கு, எல்லாரும் அப்படித்தான் வாழ்ந்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் அப்பா பால்வெட்டியவர். அவர் சொன்னது உண்மை என்பதால் நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் டீச்சர் சத்தம் போடாமல், பாடம் நடத்துகிற குரலிலேயே அவருக்குப் பதில் சொல்லிவிட்டார்: "அந்த மழை கிராணி ஆபீஸ் மேலயும்தான பெஞ்சுது. உங்க சம்பளத்த எவன் வெட்டுனான்?"

மீன்

இரண்டாவது வீடு பாசிர் பெனம்பாங்கில். மீன் வியாபாரம் செய்கிற சீனக் குடும்பம். முதலாளியம்மா, தௌக்கே அம்மா என்றுதான் கூப்பிடுவேன், நன்றாகத் தமிழ் பேசுவார். அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தாராம், லயத்து வீட்டுத் தொழிலாளிப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். சம்பள விஷயத்தில் அவர் சுற்றி வளைக்கவில்லை. கூச்சத்தை விட்டு நானே கூப்பிட்டபோது, நான் கேட்பதற்கு முன்பே, வேலை இல்லை என்றால் டுயிட்டும் இல்லை, காசு கிடையாது, ஊர் திறந்ததும் வா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பாருங்கள், அதற்குப் பிறகு அந்த வீட்டை நினைத்து எனக்குத் தூக்கம் கெடவில்லை. இல்லை என்று தெரிந்துவிட்டதே.

மீன் லோரிகள் ஓட அனுமதி இருந்தது. அந்த வாரமே அவர்களுடைய லோரி எங்கள் கம்பத்தில், ஊர் முனையில் நின்று, டிரைவர் ஒரு பெரிய பையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே கெம்போங் மீனும் இறாலும். மறு வாரமும் வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. சம்பல், புளிக்குழம்பு, பொரியல் என்று தின்று சலித்து, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தேன். என் மகள் ஒரு முட்டையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டாள். இதற்கெல்லாம் பின்னால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று ஒரு பக்கம் பயம். போன் போட்டு, இந்த மீன் என்ன கணக்கு என்று கேட்டேன். தௌக்கே அம்மாவுக்கு நான் கேட்டதே புரியவில்லை. பிறகு சிரித்துவிட்டுச் சொன்னார்: "கணக்கு என்னா கணக்கு. சம்பளம் சம்பளம், மீனு மீனு. உனக்குப் பசிக்கும்ல, தின்னு லா."

கும்பிடு

மூன்றாவது வீடு புதிய தாமானில், ஒரே மாதிரி வீடுகள் கட்டிய குடியிருப்பில். ஷாமினி, அவள் கணவன், இரண்டு பேருக்கும் ஆபீஸ் வேலை. கல்யாணம் ஆன புதிதிலிருந்தே நான்தான் அங்கே போகிறேன். அவர்களிடமிருந்து சத்தமே இல்லை. கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு நீளமான செய்தி வந்தது. அக்கா நலமா, பத்திரமாக இருங்கள், எங்களுக்கும் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள், இப்போது நாங்களே வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் எங்கள் குடும்பத்தில் ஒருவர் என்று எழுதி, கடைசியில் கைகூப்பிய படங்கள் வரிசையாக.

அவர்கள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆபீசில் நிறையப் பேருக்கு அப்படித்தான் நடந்தது. ஆனால் செய்தியை எத்தனை முறை படித்தாலும், இந்த மாதம் மட்டும் வேண்டாமா, இனிமேல் எப்போதுமே வேண்டாமா என்று அதில் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு லெட்சுமியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவளும் என்னைப்போல வீட்டு வேலைக்குப் போகிறவள்தான். போனைக் கண்ணுக்கு அருகே பிடித்துக்கொண்டு முழுவதையும் படித்து முடித்தாள். திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்: "ரோசி, கோயில்லகூட நான் இத்தன கும்பிடு போட்டதில்ல. வேல போச்சுன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா, வேற வீடு பாத்திருக்கலாம்."

விசிறி

கட்டுப்பாடு தளர்ந்து டீச்சர் வீட்டுக்குத் திரும்பிப் போன முதல் நாள், எனக்குக் கை நிற்கவில்லை. கூட்டித் துடைத்தேன், துணி துவைத்தேன், யாரும் கேட்காமலேயே ஜன்னல் கம்பியெல்லாம் தேய்த்தேன். பிறகு ஏணியைப் போட்டு ஏறி, மேலே சுற்றுகிற விசிறிகளின் இறக்கைகளைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன். சும்மா வாங்கிய சம்பளம் முதுகில் மூட்டையாக இருந்தது. கொடுக்காதவர்கள் மேல் கோபம் வருவது சுலபம். கொடுத்தவர் முகத்தைப் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கிராணி ஐயா கீழே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது, நான் பொய் சொல்ல மாட்டேன். டீச்சர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். இறங்கு, வந்து பசியாறு என்றார். இன்னும் ஒரு விசிறிதான் பாக்கி என்றேன். அப்போது அவர் என் பக்கத்தில் வந்து, ஐயாவுக்கும் கேட்கும்படி சொன்னார்: "கடன் அடைக்கிற மாதிரி துடைக்காத ரோசலின். எனக்கு ஸ்கூல் திறந்தப்ப, போன்ல நடத்தாம விட்ட பாடத்தையெல்லாம் சேத்து வச்சு யாரும் நடத்தச் சொல்லல."

மூலை

ஷாமினி வெகு காலம் கழித்துக் கூப்பிட்டாள். அதற்குள் அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. வீட்டைக் கூட்டுவதற்கென்று, தானாகவே ஓடுகிற வட்ட மெஷின் ஒன்றை வாங்கியிருந்தார்கள். அது மூலைக்குப் போகாதாம், கம்பளத்து நூலைத் தின்றுவிட்டு நடுவீட்டில் நின்று அழுமாம். குழந்தையும் அழ, அதுவும் அழ, போதும் என்றாகிவிட்டது. நான் போனபோது மெஷின் சோபாவுக்கு அடியில் மாட்டிக்கொண்டு கிடந்தது. இழுத்து வெளியே விட்டேன்.

வேலைக்கு வருகிறேன், ஆனால் ஒன்று கேட்க வேண்டும் என்றேன். இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் கேட்காதது. இனிமேல் நீங்களாக வரவேண்டாம் என்று சொல்கிற நாட்களுக்கு, நீங்கள் ஊருக்குப் போனாலும் சரி, வேறு என்ன வந்தாலும் சரி, பாதிச் சம்பளமாவது வேண்டும். நானாக லீவு போட்டால் பிடித்துக்கொள்ளுங்கள். அடியோடு வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கும்பிடு எல்லாம் வேண்டாம் என்றேன். ஷாமினி முகம் சிவந்துவிட்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்க் கணவனிடம் பேசினாள். நான் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். போகச் சொன்னால் போய்விட வேண்டியதுதான் என்று மோட்டார் சாவியைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். அவள் வெளியே வந்து சொன்னாள்: "ஓகேக்கா. எங்க பாஸ்கிட்ட கேக்க எங்களுக்குத் தைரியம் வரல. நீங்க எங்கக்கிட்டயே கேட்டுட்டீங்க."

என் வீட்டில்

இது போன வருஷம் நடந்தது. என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரைத் தனியாக விட முடியாது. நான் வேலையை விட்டால் வீடு ஓடாது. ஆகவே லெட்சுமியைக் கேட்டேன். கோவிட் காலத்தில் அவள் வேலை செய்த வீட்டு வயதானவர்களை அவர்கள் மகன் கோலாலம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் வரவே இல்லை. அதிலிருந்து அவளுக்கு அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்றுதான் வேலை. பகல் முழுவதும் மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டாள். நன்றாகவே பார்த்துக்கொண்டாள்.

பள்ளி விடுமுறை வந்ததும், சுங்கை பஞ்சாங்கில் இருக்கும் என் கொழுந்தனார் வந்து, பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், அம்மா விடுமுறை முடியும்வரை எங்களோடு இருக்கட்டும் என்று கூட்டிப் போனார். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் சாதாரணமாகக் கேட்டார், அம்மாவே இல்லை, லெட்சுமிக்கு எதற்குச் சம்பளம் என்று. கடை மூடியபோது தனக்கு யாரும் ஒன்றும் தரவில்லையே என்றார். நான் அவரோடு சண்டை போடவில்லை. ஏனென்றால் அதையே நானும் மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். கிராணி ஐயா நினைத்ததும் இதைத்தான்.

மறுநாள் லெட்சுமி வீட்டுக்குப் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மாமி ஊருக்குப் போயிருக்கிறார் இல்லையா என்று ஆரம்பித்தேன், எங்களுக்கும் கொஞ்சம் கஷ்டம் என்றேன், நீ எங்கள் குடும்பத்தில் ஒருத்தி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது எங்கே படித்த வரி என்று ஞாபகம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். பிறகு உள்ளதை உள்ளபடி சொன்னேன்: முழுச் சம்பளம் தர முடியுமா என்று தெரியவில்லை, பாதி தரலாம் என்று பார்க்கிறேன். அவள் கோபப்படவில்லை. அந்த வயதானவர்கள் வருவார்கள் என்று நம்பி, தன்னைத் தேடி வந்த இரண்டு வீட்டை வேண்டாம் என்று சொன்னதை அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சொன்னாள். கடைசித் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்: "பாதியோ முழுசோ அது உன் இஷ்டம் ரோசி. நான் காத்திருக்கணுமா, வேற வீடு தேடணுமா, அத மட்டும் இன்னிக்கே சொல்லிடு."

கடைசியாக

காத்திரு என்று சொன்னேன். அப்படிச் சொன்ன பிறகு பாதி என்று மறுபடியும் சொல்ல வாய் வரவில்லை, முழுதாகவே கொடுத்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த மாதம் தன் மோட்டாருக்குப் புது டயர் மாற்ற வேண்டாம், பழையதையே ஓட்டுகிறேன் என்று அவராகவே சொன்னார். விடுமுறை முடிந்து மாமியார் திரும்பி வந்த காலையில், நாங்கள் கொழுந்தனாரின் காரிலிருந்து அவரை இறக்குவதற்குள் லெட்சுமி எங்கள் வாசலில் நின்றாள்.

சம்பளம் கொடுக்கிறவர்களுக்கும் கஷ்டம் உண்டு என்று என் முதலாளிகள் சொன்னபோதெல்லாம் நான் நம்பியதில்லை. இப்போது முழுசாக நம்புகிறேன், ஆனால் அதை அவர்களிடம் மட்டும் சொல்லப் போவதில்லை.