காஞ்சி கயிலாசநாதரிடம் சிக்கிக்கொண்ட கதை

அரசர்கள் ஆண்டு அழிந்த நகரம் என்றால் எனக்குப் பித்து. ஹம்பிக்கே மூன்று முறை போனவன், பக்கத்திலிருக்கும் பல்லவர் தலைநகரைப் பார்த்ததில்லை. போன ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். தாம்பரத்தில் காலை 6.15 பேருந்து, காஞ்சிபுரத்தில் இறங்கும்போது 7.50.

"பல்லவர் அரண்மனை எங்க இருக்கு?" என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"அரமனையா? ஒரு செங்கல்லு கூட இல்ல சார். ராஜா கட்டுன கோயில் இருக்குது, ஏறுங்க."

இரண்டு கிலோமீட்டர், நூறு ரூபாய். கயிலாசநாதர் கோயில் வாசலில் இறங்கியதும் அண்ணாந்து பார்த்தேன். வெயில் பட்ட மணற்கல் முழுக்கச் சிங்கங்கள், பாய்ந்துவிடும் போல! மதிலை ஒட்டி வரிசையாகக் குட்டிச் சன்னதிகள். ஒன்றில் பழைய ஓவியத்தின் மிச்சமாக ஒரு கண்ணும் அரைப் புன்னகையும் தெரிந்தன. அங்கேயே கால் மணி நேரம் நின்றேன்.

கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய பாதை உண்டு. தவழ்ந்து நுழைந்து, தவழ்ந்தே வெளியேற வேண்டும். வெளியே வந்தால் மறுபிறவி இல்லை என்கிறார்கள். என் எடை 94 கிலோ. யோசிக்காமல் நுழைந்தேன். வெளியேறும் துளையில் தோள்கள் இறுகிவிட்டன. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் முடியவில்லை.

பின்னால் ஒரு பெண்குரல். "இன்னாபா, மாட்டிக்கினியா?"

"ஆமாம்மா. மூச்சு முட்டுது."

"பயப்படாத. நான் மாசா மாசம் வந்துக்கினு இருக்கேன். மூச்ச வெளிய வுடு. எடது கைய முன்னால நீட்டு, ஒருக்களிச்சிப் படு. இப்ப தள்ளு!"

சட்டைப் பொத்தான் தெறித்தது. வெளிச்சத்தில் வந்து விழுந்தேன். பின்னாலேயே அந்த அம்மா, ஐம்பது வயதிருக்கும், அலுங்காமல் வெளியே வந்தார். நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், "இன்னொரு தபா போறியா? இப்பதான் வழி தெரிஞ்சிக்கினியே," என்று சிரித்தார்.

கிளம்புபவர்களுக்கு: பகல் பன்னிரண்டுக்கு நடை சாத்திவிடுவார்கள், எட்டரைக்குள் போய்விடுங்கள். தரையில் ஊர்ந்தால் வீணாகாத உடை நல்லது. துளையில் இடது கை முதலில். மூச்சை வெளியே விட்டபின் நகருங்கள். மூடிய இடம் பயம் என்றால் உள்ளே போக வேண்டாம், சிங்கங்களே போதும். இடிந்த கோட்டைகள் எத்தனையோ தொட்டிருக்கிறேன். ஓர் அரசன் கட்டியது என்னை இறுகப் பிடித்தது இங்கேதான்.

ஆம், இரண்டாவது முறையும் போனேன். ஒரே மூச்சில் வெளியே வந்தேன்!