‘ங்க’ இல்லாத சிடி

சிடி கொடுத்த மறுநாள் காலையில் ஃபோன் வந்தது.

“ஏனுங்க அம்மணி, என்ற கல்யாணத்தப் பத்தின பாடத்துக்கு என்ன தலைப்புங்க போட்டீங்க?”

பழனிசாமி அய்யா. பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பட்டறை வைத்திருந்தவர். மனைவி தங்கமணி இறந்து வருடம் திரும்பும் நாளில் உறவுக்காரர்களுக்குக் கொடுப்பதற்காக, அவரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். இனிமேல் புத்தகமெல்லாம் சிடியில்தான் என்று யாரோ சொல்லப்போய், காந்திபுரத்தில் நான் வேலை பார்த்த டிடிபி சென்டருக்கு வந்தார்.

“மங்கல நாள்” என்றேன்.

“மல நாள்னு இருக்குதுங்க.”

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ப்ரூஃபில் சரியாகத்தான் இருந்தது. தொண்ணூறுகளில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தமிழ் ஒவ்வொரு கோலத்தில் தெரியும். அதனால் பழியை ஃபான்ட் மேல் போட்டுவிட்டு ஃபைலைத் திறந்தேன். தங்கமணி ‘தமணி’ ஆகியிருந்தார். நாங்கள் எல்லாம் ‘நாள்’. சங்கம் ‘சம்’. கொங்கு மட்டும் தப்பியிருந்தது. அந்த ஃபான்டில் ‘கு’ தனி எழுத்து, அதற்குள் ‘க’ கிடையாது.

பிறகுதான் பொறி தட்டியது. ப்ரூஃப் பார்த்த அன்று, வாங்க, சொல்லுங்க என்று பேச்செல்லாம் பட்டிக்காட்டுத்தனமாக இருக்கிறது, அந்த ‘ங்க’வை எடுத்துவிடுங்கள் என்று அவரேதான் சொன்னார். ஏகப்பட்ட இடம். நான்தான் பெரிய கெட்டிக்காரி ஆயிற்றே! ஃபைண்டில் ‘ங்க’, ரீப்ளேஸில் வெறுமை, ‘ரீப்ளேஸ் ஆல்’. ஒரே தட்டு. சேவ் செய்து, திரும்பப் படிக்காமல் சிடியிலும் ஏற்றிவிட்டேன். பழைய ஃபைல் கிடையாது. வருடம் திரும்ப மூன்றே நாள் இருந்தது.

அன்றே நேரில் வந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவரோ ‘மல நாளை’ப் பார்த்துச் சிரித்துவிட்டு, மானிட்டரில் வேறு ஒரு வரியைக் காட்டினார். பட்டறையிலிருந்து வந்தவரைத் தங்கமணி கூப்பிடும் இடம்.

“சாப்பிட வான்னு இருக்குதுங்க அம்மணி. நாப்பது வருசத்துல அவ ஒருக்காக்கூட என்னைய வான்னு கூப்பிட்டதில்லீங்க.”

எனக்குக் குழப்பம் கூடித்தான் போனது. தலைப்பும் பேரும் என் தப்பு. ஆனால் இந்த ‘வா’ அவர் கேட்டு வாங்கியதுதானே? வாய் சும்மா இருக்காமல் அதைச் சொல்லியும்விட்டேன்.

“ஆமாங்க, நாஞ் சொன்னதுதான். அத எடுத்தா அவளே இல்லாமப் போயிருவான்னு தெரியலீங்க.”

இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, முன்பு காகிதத்தில் எடுத்திருந்த ப்ரூஃபைப் பார்த்து வாசித்தார்; நான் ஒவ்வொரு ‘ங்க’வாகத் திரும்பப் போட்டேன். தங்கமணி பேசும் இடங்களுக்கு மட்டும் அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை.

இப்போது ஈ-புக் வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எதையும் மொத்தமாக மாற்றாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் நின்று, பேசுவது யார் என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.