பையைக் கழித்த எடை

முதலில் காலிப் பாத்திரம். அதைத் தராசில் வைத்து, ஒரு பொத்தானை அமுக்கி, சிவப்பு எண்கள் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் சந்திரம்மாள் எண்ணெய் ஊற்றுவார். காகிதத்தில் பொட்டலமா, அந்தக் காகிதத்துக்கும் பூஜ்யம். பத்து ரூபாய்க்கு மிளகு கேட்டாலும் இதே சடங்குதான். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். நானும் முணுமுணுத்திருக்கிறேன். "உன் கிண்ணத்துக்கு நான் துட்டு வாங்கணுமா? கம்முனு நில்லு சார்" என்பார்.

மண்ணூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அவருடைய மளிகைக் கடை. வயது ஐம்பத்தைந்து. நைட்டிக்கு மேல் ஒரு துண்டு, காதில் செருகிய பேனா. பக்கத்துத் தொழிற்பேட்டைக் கம்பெனிப் பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். "ஏ ஃபர்ஸ்ட்டு ஷிப்ட்டு, இன்னா ஓணும்?" அவன் அடுத்த வாரம் வேறு ஷிப்ட்டுக்கு மாறினால் இவரும் மாற்றிக் கூப்பிடுவார். எப்படித்தான் தெரிந்துகொள்கிறாரோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கடையில் பீடி சிகரெட் கிடையாது. கஞ்சா என்ற சொல் காதில் விழுந்தால் வாசலில் இறங்கித் துப்புவார். அவருக்கு ஒரு தம்பி இருந்தார். அந்த மயக்கத்தில்தான் ஒரகடம் சாலையில் லாரிக்கு முன்னால் நடந்து போனார். "அத்த விக்கறவன் வெளங்கவே மாட்டான்" என்று சந்திரம்மாள் அழாமல் சொல்லுவார். அழுதிருந்தால் கேட்கிற நமக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும்.

போன ஆடியில் ஒருநாள், மாலை நாலு மணி. கால் கிலோ ரவை வாங்கப் போயிருந்தேன். ஜீப் ஒன்று வந்து நின்றது. பஸ்ஸிலிருந்து இறங்கிய பையன் ஒருவனைப் போலீஸார் பிடித்திருந்தார்கள். பெயர் இசக்கி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், காண்ட்ராக்ட் தொழிலாளி, ஆறு பேர் அடைந்து கிடக்கும் அறையில் ஒருவன். உடம்பு அலுப்புக்கு என்று கஞ்சா இழுக்கத் தொடங்கி, அது இல்லாவிட்டால் தூக்கமே வராது என்ற இடத்துக்கு வந்துவிட்டவன். அறைக்கும் சேர்த்து வாங்கி வந்திருக்கிறான். துணிப்பையில் பழுப்பு டேப் சுற்றிய பொட்டலம். அங்கேயே எடை போட்டு எழுதவேண்டும். அரசு முத்திரை காலாவதியாகாத தராசு பக்கத்தில் சந்திரம்மாளிடம்தான் இருந்தது. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அவர். இன்னொருவர், என் கிரகம், நான்.

கான்ஸ்டபிள் பையோடு தூக்கித் தராசில் வைத்தார். ஒரு கிலோ அறுபத்திரண்டு கிராம்.

எண்ணைப் பார்த்ததும் இசக்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைவு என்றால் அதிகம் போனால் ஓராண்டு. அதற்கு அடிமைப்பட்டவன் என்றால், சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பவும் நீதிபதிக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. கிலோவைத் தாண்டினால் பத்தாண்டு வரை போகும், அந்த வழியும் அடைபடும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு ஒரு வக்கீல் சொன்னது. அப்போதே தெரிந்திருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். காக்கிச் சட்டையைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது.

சந்திரம்மாளுக்கு வந்தது. "எடுய்யா அத்த. பையோட நிறுக்கறாரு பாரு!"

"ஏம்மா, பை என்ன பெரிய எடை? நேரமாகுது" என்றார் உதவி ஆய்வாளர்.

"பெர்சோ சிறுசோ, நிறுக்கறதுன்னா ஒழுங்கா நிறுக்கணும் சார். நாளைக்குக் கோர்ட்டுல நிக்கப்போறது நானு."

"கஞ்சாக்காரனுக்குப் பரிஞ்சு பேசறியா?"

அவ்வளவுதான், பொங்கிவிட்டார். "நானா? அவன் மூஞ்சில முழிக்கவே எனக்குப் புடிக்கல. கஞ்சாக்கு எவ்ளோ ஜெயிலோ, நல்லா குடு. பைக்கும் டேப்புக்கும் சேத்து ஏன் சார் குடுக்கற?"

உதவி ஆய்வாளர் அவரையே பார்த்தார். எனக்கு ரவையை விட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. அந்த மனிதர் நல்லவர். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பிரிங்கய்யா" என்றார்.

தராசில் செய்தித்தாள் விரித்து, பூஜ்யம் வைத்து, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு சந்திரம்மாள் ஒதுங்கி நின்றார். கான்ஸ்டபிள் பிரித்துக் கொட்டினார். தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு கிராம். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே சந்திரம்மாள் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது, கோணல்மாணலாக. ஜீப் போனதும் தராசுத் தட்டை மூன்று முறை சோப்பு போட்டுத் தேய்த்தார். "எயவு, இந்தத் தட்டுலதான் கொழந்தைங்களுக்குக் கேவுரு மாவு நிறுக்கறேன்" என்று இசக்கியைத் திட்டித் தீர்த்தார்.

நீதிமன்றம் இசக்கியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொண்டு அவனைச் சிகிச்சைக்கு அனுப்பியது. மருந்து, ஆலோசனை, மாதாமாதம் ஆஜர். வேறொரு காண்ட்ராக்டர் அவனை வேலைக்கும் எடுத்துக்கொண்டார். நம்பவே மாட்டீர்கள், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

போன வாரம் நான் கடையில் இருந்தபோது அவன் வாசலில் வந்து நின்றான். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது.

"இன்னா?" என்றார் சந்திரம்மாள், நிமிராமலே.

"எக்கா, கேஸுன்னதும் எவனும் ரூம் தர மாட்டேங்கான். மண்ணூரு, பிள்ளைப்பாக்கம் எல்லாம் கேட்டுட்டேன். மாசாமாசம் ஆஸ்பத்திரில காட்டணும்க்கா. இங்கன தங்க எடமில்லன்னா ஊருக்குத்தான் போவணும். போனா எல்லாம் விட்டுப்போவும்."

"இப்ப தொடறியா?"

"இல்லக்கா. நாலு மாசமாச்சு."

"பொய் சொன்னன்னு வையி, நானே ஸ்டேஷனுக்குப் போன் போடுவேன்."

"சரிக்கா."

கடைக்கு மேலே அவருக்கு ஓர் அறை உண்டு. பொங்கலிலிருந்து காலி. கல்யாணமாகாத பையன்களுக்குத் தருவதில்லை என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். 'ரூம் வாடகைக்கு' என்ற அட்டை கடை முகப்புக் கம்பியில் கட்டித் தொங்கியது. சந்திரம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். தம்பி ஞாபகம் வந்திருக்கும், வராமல் இருக்குமா? பிறகு உள்ளேயிருந்து ஸ்டூலை இழுத்து வந்து அட்டைக்கு நேர் கீழே போட்டார்.

"எனக்கு எட்டல. ஏறி அத்த அவுரு."

இசக்கி ஏறினான். முடிச்சு மழையில் இறுகிப்போயிருந்தது, நகத்தால் நெம்பினான். சந்திரம்மாள் குனிந்து, ஸ்டூல் ஆடாமல் இருக்க அதன் கால்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.